கூரையில் எலி, கூடத்தில் பாம்பு: ஒரு வீட்டின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, சரிவான ஓட்டுக் கூரை வேய்ந்த, இரண்டு தளங்கள் கொண்ட ஒரு தனி வீடு. ஓட்டுக்கும் அதன் கீழ் அறைந்திருந்த பலகைகளுக்கும் இடையே, ஆள் தவழ்ந்து போகும் உயரத்தில் ஒரு பரண் உண்டு. வீட்டின் பின்புறம், மரமும் புதரும் அடர்ந்து யாரும் புழங்காமல் கிடக்கும் நிலம். ஒரு மாலை நேரத்தில், சமையலறையை ஒட்டிய கூடத்தில், பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்த அலமாரியின் அடியில் ஒரு பாம்பு தென்பட்டது. வீட்டார் பதற்றத்தில் எதையும் எடுத்து அடிக்காமல், அடுத்த அறைகளின் கதவுகளைச் சாத்தி, கதவடிகளில் துணியைச் செருகிவிட்டு, ஒருவர் தொலைவில் நின்று பாம்பின் மேல் கண் வைத்திருக்க, பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவரை வரவழைத்தனர். பிடிபட்டது எலிகளைத் தின்று வாழும் விஷமற்ற இனம். அதுவரை நடந்தவை எல்லாம் முறையாகவே நடந்தன.

சிக்கல் மறுநாள் தொடங்கியது. இனி எதுவும் உள்ளே நுழையக் கூடாது என்ற முடிவோடு வீட்டார் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்களை அழைத்து, இறவாரத்தில் தெரிந்த இடைவெளிகள், குழாய் நுழையும் துளைகள், முகட்டு ஓட்டின் ஓரங்கள் ஆகிய அனைத்தையும் விரிந்து இறுகும் ஃபோம் கொண்டு ஒரே பகலில் அடைத்தனர். அன்று இரவே மேல்தளப் படுக்கையறையில் வௌவால்கள் சுற்றிப் பறந்தன. அடுத்த சில நாட்களில் சுவருக்குள்ளிருந்து அழுகல் நாற்றம் கிளம்பியது. சன்னல்களில் ஈக்கள் மொய்த்தன. இறவாரத்தின் ஒரு மூலையில், புதிதாக அடைத்த ஃபோமைக் கடித்துக் குடைந்து ஒரு வட்டத் துளை மீண்டும் திறந்திருந்தது. அடைப்பதற்கு முன்பு ஒரு பாம்பு மட்டுமே இருந்த வீட்டில், அடைத்த பிறகு மூன்று தொல்லைகள் சேர்ந்திருந்தன. இந்த நிலையில்தான் வீட்டை முழுமையாக ஆராயும் வேலை தொடங்கியது.

பணியாளர்கள் கவனக்குறைவாக வேலை செய்தார்கள் என்று சொல்ல முடியாது. கண்ணில் பட்ட துளை ஒன்றையும் அவர்கள் விடவில்லை. பிழை அவர்கள் வேலை செய்த பொழுதில் இருந்தது. எலியும் வௌவாலும் இரவில் வெளியே சென்று பகலில் உள்ளே அடங்குபவை. மனிதர்களோ பகலில் வேலை செய்பவர்கள். பகல் பதினொரு மணிக்கு ஏணி போட்டு ஒரு துளையை அடைப்பவர், அந்தத் துளையைப் பயன்படுத்தும் விலங்கு உள்ளே உறங்கிக்கொண்டிருக்கும்போதே கதவைப் பூட்டுகிறார். காட்டு விலங்குகளை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது பற்றிப் பேசும்போது எதைக் கொண்டு அடைப்பது என்ற கேள்விக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதியாவது, எப்போது, எந்த வரிசையில் அடைப்பது என்ற கேள்விக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இந்த நிகழ்வை எழுத முன்வந்ததற்குக் காரணம்.

பாம்புக்கு முந்தைய மாதங்கள்

வீட்டாரிடம் விசாரித்தபோது, கதை பாம்பிலிருந்து தொடங்கவில்லை என்பது தெரிந்தது. பல மாதங்களாகவே பொழுது சாய்ந்த பின் பரணில் ஓடும் சத்தமும், விடியலுக்கு முன் சுரண்டும் சத்தமும் கேட்டு வந்திருக்கின்றன. எலி என்று முடிவு செய்து பரணில் எலிமருந்துக் கட்டிகளை வைத்திருக்கிறார்கள். சத்தம் சிறிது காலம் குறைந்து, பிறகு திரும்பியிருக்கிறது. "மருந்து வைத்தால் எலி போய்விடுகிறது, நாற்றம்தான் போவதில்லை" என்று வீட்டின் மூத்தவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில் மருந்து வைக்கும் முறையின் குறை முழுவதும் அடங்கியிருந்தது.

இன்று பரவலாக விற்கப்படும் எலிமருந்துகள் பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. இவ்வகையில் முன்னோடியான வார்ஃபரின் 1948 முதல் எலிக்கொல்லியாகப் பயன்பட்டது. 1958-லேயே ஸ்காட்லாந்தில் அதற்குக் கட்டுப்படாத எலிகள் தென்பட்டன. அதன் பின் வந்த புரோமடியோலோன், புரோடிஃபகூம் போன்றவை மேலும் வீரியமானவை. ஆனால் இவை எவையும் உடனே கொல்வதில்லை. தின்ற எலி சாவதற்குச் சில நாட்கள் ஆகும்; அந்த நாட்களில் அது வழக்கம்போல் நடமாடி, கடைசியில் சுவர் இடுக்கிலோ பலகைக்குப் பின்னாலோ போய்ச் சாகும். அதனால் வரும் நாற்றத்தையும் ஈக்களையும் வீட்டார் அனுபவிக்கிறார்கள். சாகும் முன் தளர்ந்து திரியும் அந்த எலியைப் பிடித்துத் தின்னும் ஆந்தையும் பூனையும் நஞ்சைத் தாமும் ஏற்றுக்கொள்கின்றன. எலிகளைக் குறைக்கும் ஆந்தையை எலிமருந்தால் இழப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக, துளை திறந்தே இருக்கும் வீட்டில் மருந்து என்பது ஓர் எலிக்குடும்பத்தை அகற்றி அடுத்த குடும்பத்துக்கு இடம் ஒழித்துத் தரும் ஏற்பாடாகவே முடிகிறது.

பரணில் கிடைத்த சான்றுகள்

பரணுக்குள் முகக்கவசமும் கையுறையும் அணிந்து செல்ல வேண்டியிருந்தது. எச்சங்கள்தான் முதலில் பேசின. கைமரங்களின் மேல் சிதறிக் கிடந்த புழுக்கைகள் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் இரு முனைகளிலும் கூர்மையும் கொண்டவை; இது மரம், சுவர், கம்பி என்று ஏறிப் பழகிய கூரை எலியின் அடையாளம். தரையில் வளை தோண்டும் பழுப்பு எலியின் புழுக்கை இதைவிடப் பெரிது, முனைகள் மழுங்கியிருக்கும். இந்த வேறுபாடு வெறும் விவரமன்று. வந்திருப்பது கூரை எலி என்றால் மேலேயும், பழுப்பு எலி என்றால் அடித்தளத்தையும் சாக்கடையையும் ஒட்டியும் வழியைத் தேட வேண்டும்.

முகட்டின் நேர் கீழே வேறொரு வகை எச்சம் குவிந்திருந்தது. பார்வைக்குச் சுண்டெலிப் புழுக்கை போலவே இருந்த அதைக் குச்சியால் அழுத்தியபோது பொடியாக உதிர்ந்தது. பொடியில் பூச்சிகளின் சிறகுத் துணுக்குகள் மினுங்கின. எலிப் புழுக்கை காய்ந்தால் கல்லாக இறுகுமே தவிர இப்படிப் பொடியாவதில்லை. பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் முகட்டில் தங்கியிருந்தன என்பதற்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

மூன்றாவது சான்று, மேற்கு மூலையில் எலிகள் காகிதத்தையும் பஞ்சையும் கிழித்துச் சேர்த்திருந்த கூட்டுக்கு அருகில், ஒரு கைமரத்தின் மேல் சுற்றிக் கிடந்த பாம்புச் சட்டை. அது முழுமையாகவும், காய்ந்து மஞ்சளாகவும் இருந்தது. உரிக்கும்போது தோல் இழுபடுவதால் சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகவே இருக்கும். ஆகவே அதை அளந்து பாம்பின் நீளத்தைச் சொல்பவர்கள் மிகைப்படுத்திவிடுகிறார்கள். அது கிடந்த இடமே இங்கு முக்கியமான செய்தி. கூடத்தில் பிடிபட்ட பாம்பு அன்றுதான் தற்செயலாக வழி தவறி வந்ததன்று. அதுவோ அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொன்றோ, எலியின் வாடையைப் பின்பற்றி ஏற்கெனவே பரண்வரை ஏறி, இரை தேடி, சட்டையும் உரித்துச் சென்றிருக்கிறது. பாம்பைக் கண்டு வீட்டார் விழித்துக்கொண்டார்கள். ஆனால் பாம்பு அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

வழிகளைக் கண்டுபிடித்தது

வழிகளைத் தேடும் முன் அளவுகளை மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். இளம் எலி 12 மில்லிமீட்டர் துளையில் நுழைந்துவிடும். மண்டையோடு நுழையும் இடத்தில் மற்ற உடலும் நுழையும் என்று கொள்ளலாம். சிறு வௌவாலுக்கு, கட்டைவிரல் அகலம் நீண்டு, சுண்டுவிரல் கூட நுழையாத ஒரு கீற்று போதும். எலிக்கும் வௌவாலுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்தே ஆக வேண்டும். மரம், பிளாஸ்டிக், ஃபோம், தரம் குறைந்த சிமெண்டுப் பூச்சு எதையும் பெரிதாக்கிவிடும். வௌவாலோ ஏற்கெனவே இருக்கும் இடைவெளியைப் பயன்படுத்துமே தவிர, தானாக ஒரு துளையையும் உண்டாக்காது.

பட்டப்பகலில் பரணின் விளக்கை அணைத்துவிட்டுக் கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்தபோது, ஃபோம் பிடிக்காத இடங்களில் வெளிச்சம் ஊசிக் கீற்றாக விழுந்தது. வெளிச்சம் வரும் எல்லாத் துளையும் விலங்கின் வழியாகிவிடாது; வளைந்து செல்லும் வழியில் வெளிச்சம் வராமலும் போகலாம். எனவே ஐயமுள்ள துளைகளில் கசக்கிய காகிதத்தைத் தளர்வாகச் செருகி வைத்தனர். காலையில் எந்தத் துளையின் காகிதம் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவே புழக்கத்தில் உள்ள வழி. கைமரத்தின் மேல் மெல்லிய பொடி தூவியபோது கால் தடங்களும் வால் இழுத்த கோடும் பதிந்தன. எலிகள் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போவதால், உடல் உரசும் இடங்களில் எண்ணெய்ப் பிசுக்குக் கறையும் படிந்திருந்தது.

அந்தக் கறையைப் பின்தொடர்ந்து சென்ற இடம், கூரை மேல் வெந்நீர்க் கருவி பொருத்தியபோது குழாய்க்காக இறவாரப் பலகையில் வெட்டிய துளை. குழாயின் தடிமனைப் போல் இரண்டு மடங்கு அகலத்தில் வெட்டி, மிச்ச இடத்தை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். எலிகள் அதன் விளிம்பைக் கொறித்து மழமழப்பாக்கியிருந்தன. இத்தகைய வீடுகளில் விலங்கு நுழையும் முதன்மையான வழியை, விலங்கைவிட, பின்னாளில் வந்து குழாயோ கம்பியோ இழுத்த தொழிலாளியே திறந்துவைத்திருப்பதைப் பெரும்பாலும் காண முடிகிறது. புதிதாக எந்தக் கருவி பொருத்தினாலும், வேலை முடிந்த அன்றே அதன் துளையைச் சுற்றிப் பார்ப்பது பின்னர் செலவாகும் பணத்தையெல்லாம் மிச்சப்படுத்தும்.

அந்த இடத்துக்கு எலி ஏறி வர ஏணியும் இருந்தது. பின்புற மரத்தின் கிளை ஒன்று கூரையைத் தொடும் அளவுக்கு நீண்டிருந்தது. எலி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாண்டிக் குதிக்கும். ஆகவே கிளைக்கும் கூரைக்கும் 2 மீட்டராவது இடைவெளி வேண்டும். பின்கட்டில் செல்ல நாய்க்கு இரவு முழுதும் உணவுத் தட்டு வைத்திருந்ததும், பறவைகளுக்குத் தூவும் தானியம் சிந்திக் கிடந்ததும் எலிகள் கீழிறங்கும் காரணங்கள். பாம்பு வந்த வழி வேறு. பின்கதவின் அடியில், ஒரு பக்கம் மரம் தேய்ந்து, இரண்டு விரல் போகும் சந்து இருந்தது.

ஒரே வீட்டில் இரண்டு எதிரெதிர் வரிசைகள்

இங்கே வேலையின் கடினமான பகுதி தொடங்கியது. எலியை வெளியேற்றும் வரிசையும் வௌவாலை வெளியேற்றும் வரிசையும் ஒன்றுக்கொன்று எதிரானவை.

எலியைப் பொறுத்தவரை, வெளியிலிருந்து வரும் வழிகளை முதலில் உறுதியாக அடைத்துவிட்டு, உள்ளே மீந்திருப்பவற்றைப் பொறி வைத்துப் பிடிப்பதே நடைமுறை. வழியைத் திறந்து வைத்துப் பொறி வைத்தால், பிடிபட்டதன் இடத்துக்கு வெளியிலிருந்து வேறொன்று வந்துகொண்டே இருக்கும். வௌவாலைப் பொறுத்தவரை நேர்மாறு. அது முதலில் வெளியேறியாக வேண்டும், பிறகுதான் அடைக்கலாம். உள்ளே அடைபட்ட வௌவாலைப் பொறியில் பிடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அது பசியில் சாகும், அல்லது வெளிச்சம் கசியும் விளக்குத் துளை வழியாக வீட்டு அறைக்குள் இறங்கும். முதல் இரவே படுக்கையறைக்குள் வௌவால் வந்ததன் காரணம் இதுதான். ஃபோம் அவற்றின் வழியை வெளிப்பக்கம் அடைத்தது. உள்பக்கம் திறந்தே இருந்தது.

அந்த இரவு படுக்கையறையில் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது என்பதால், வேறு எதற்கும் முன்பாக மருத்துவரை அணுகும்படி வீட்டாருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வௌவாலின் பல் மிகச் சிறியது. கடித்த தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வெறிநோயும் அதைச் சார்ந்த கிருமிகளும் வௌவால்களிடம் இருக்கக்கூடும் என்பதாலும், வெறிநோய் அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறிப்பது என்பதாலும், உறங்கும் குழந்தையின் அறையில் வௌவால் இருந்ததே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம். கடியோ கீறலோ தெரிந்திருந்தால், அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடமாவது கழுவிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும்.

கட்டடத்தில் முதலில் செய்தது, பரணுக்கும் அறைகளுக்கும் இடையிலான தொடர்பைத் துண்டித்தது. விளக்குப் பொருத்திய துளைகளின் ஓரம், மின்கம்பி இறங்கும் இடம், பரணுக்கு ஏறும் மூடியின் விளிம்பு ஆகியவற்றை உள்ளிருந்து மூடினர். இதை எப்போது செய்தாலும் எந்த விலங்குக்கும் தீங்கில்லை. வீட்டாருக்கோ அன்று இரவே நிம்மதி. அதே நாள் மாலை, முகட்டில் வௌவால்கள் புழங்கிய இரண்டு கீற்றுகளில் அடைத்திருந்த ஃபோமை வெட்டி எடுத்தனர். பணம் கொடுத்து அடைத்ததைப் பணம் கொடுத்துப் பிரிப்பதா என்று வீட்டார் தயங்கியது இயல்பே. ஆனால் வீட்டின் நான்கு புறமும் ஆளை நிறுத்திப் பார்த்தபோது, சூரியன் மறைந்து சற்று நேரத்தில் அந்தக் கீற்றுகள் வழியே வௌவால்கள் ஒவ்வொன்றாக வெளியேறின. இரவு முழுவதும் விட்டுவிட்டு அவற்றில் சில திரும்பி வந்தன.

அப்படித் திரும்பி வந்தது குட்டிகள் இருப்பதைச் சுட்டியது. பூச்சி தின்னும் வௌவால்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டி ஈனுபவை. பிறந்து சில வாரங்களுக்குக் குட்டியால் பறக்க முடியாது. அந்த வாரங்களில் தாயை மட்டும் வெளியேற்றி வழியை அடைத்தால் குட்டிகள் உள்ளே செத்து அழுகும். நாற்றத்தை விரட்டுவதற்காகத் தொடங்கிய வேலை மறுபடியும் நாற்றத்திலேயே முடியும். மேலும் பல நாடுகளில் வௌவால்கள் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. ஈனும் பருவம் இடத்துக்கும் இனத்துக்கும் ஏற்ப மாறுவதால், உள்ளூர் வனத்துறையிடமோ வௌவால் அறிந்தவர்களிடமோ கேட்டுக்கொண்டுதான் நாள் குறிக்க வேண்டும். இந்த வீட்டிலும் அப்படிக் கேட்டு, குட்டிகள் பறக்கும் பருவம் வரும்வரை முகட்டின் கீற்றுகளைத் தொடாமல் விட முடிவாயிற்று.

எலிகளுக்கான வேலை காத்திருக்கவில்லை. முகட்டுக் கீற்றுகள் வளர்ந்த எலி நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை என்பதால், அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற வழிகளை அடைக்க முடிந்தது. குழாய்த் துளையில் இருந்த ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டு, துருப்பிடிக்காத கம்பி நாரை இறுக்கித் திணித்து, அதன் மேல் சிமெண்டுக் கலவை பூசினர். சாதாரண இரும்பு நார் ஈரத்தில் துருவேறிச் சில காலத்தில் உதிர்ந்துவிடும். செம்புக் கம்பி வலை அல்லது துருப்பிடிக்காத எஃகு நார் நிலைக்கும். ஃபோம் காற்றையும் குளிரையும் தடுக்கும் பொருள். கொறிக்கும் பல்லுக்கு அது ஒரு பொருட்டே அன்று. இறவாரத்தின் காற்றுத் துளைகளுக்கு 6 மில்லிமீட்டர் கண் கொண்ட, துத்தநாகம் பூசிய வெல்டிங் கம்பிவலையை வெட்டி, பலகையோடு திருகாணி போட்டு முடுக்கினர். காற்றுத் துளையை வலையால் மூடலாம். முற்றிலும் அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் பரணில் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். எரிவாயுக் கருவியின் புகைபோக்கியில் மட்டும் வீட்டார் தாமாக எந்த வலையையும் கட்டக் கூடாது. அடைபட்ட புகைபோக்கியிலிருந்து வெளியேறாத கார்பன் மோனாக்சைடு, எந்த எலியையும் பாம்பையும்விட ஆபத்தானது.

பொறி வைப்பதில் ஒரு சிறு தந்திரம் இருக்கிறது. எலிக்குப் புதிய பொருளைக் கண்டால் அச்சம்; தன் தடத்தில் நேற்று இல்லாத ஒன்று இன்று இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகும். எனவே சுருள்வில்லால் சட்டென அடிக்கும் பொறிகளை முதல் சில நாட்கள் இரை மட்டும் வைத்து, இழுவிசையைப் பூட்டாமலேயே கறைபட்ட தடத்தின் ஓரமாகச் சுவரைத் தொட்டாற்போல் வைத்தனர். இரை பழகி, ஒவ்வொரு காலையும் காணாமல் போகத் தொடங்கிய பிறகே பொறிகளைப் பூட்டினர். ஒரே இரவில் பெரும்பாலான எலிகள் பிடிபட்டன. வௌவால் தவழ்ந்து வந்து சிக்காதபடி ஒவ்வொரு பொறியையும் எலி மட்டும் நுழையும் பெட்டிக்குள் வைத்திருந்தனர். பசை அட்டையை நான் பரிந்துரைப்பதில்லை. அதில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடித்துச் சாகிறது. அதே பசையில் பல்லியும் பறவையும் பாம்பும்கூட ஒட்டிக்கொள்கின்றன.

கீழ்த்தளத்தில் பின்கதவின் அடியில் ரப்பர் விளிம்பு கொண்ட அலுமினியப் பட்டை பொருத்தினர்; தேய்ந்திருந்த மூலைக்குத் தகடு அடித்தனர். குளியலறையின் வடிகால் துளைக்கு எளிதில் கழலாத ஜாலி போட்டனர். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய பலகைகளையும் செங்கல் குவியலையும் அப்புறப்படுத்தினர். பாம்பைப் பொறுத்தவரை இவற்றுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவைப்படவில்லை. இரை போன பிறகு அதற்கு அந்த வீட்டில் வேலை இல்லை.

வாங்கி வைத்த பொருள்கள்

வீட்டார் இடைக்காலத்தில் வாங்கி வைத்த சில பொருள்களைப் பற்றியும் குறிப்பிட வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இவைதான் முதலில் வாங்கப்படுகின்றன. பரணில் ஒரு மின்கருவி, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே எலிப் புழுக்கை கிடந்தது. அந்த ஒலி பலகையையோ அட்டைப் பெட்டியையோ ஊடுருவுவதில்லை. ஊடுருவும் இடத்திலும் எலி சில நாட்களில் அதற்குப் பழகிவிடுகிறது. 2001-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இத்தகைய கருவிகளைத் தயாரிப்போரும் விற்போருமான 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, தங்கள் விளம்பரக் கூற்றுகளுக்கு அறிவியல் சான்று வேண்டும் என எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பின்கதவருகே தூவியிருந்த கந்தகப் பொடியும் அலமாரியில் போட்டிருந்த நாப்தலீன் உருண்டைகளும் பாம்பைத் தடுக்கவில்லை. நாப்தலீன் ஆவி, மூடிய அறையில் இருக்கும் குழந்தைக்கே கேடு.

துப்புரவும் இறுதி அடைப்பும்

எலிகள் ஓய்ந்ததை, பொறிகளில் இரை தொடப்படாமல் இருந்ததாலும், தூவிய பொடியில் புதிய தடம் பதியாததாலும் உறுதி செய்துகொண்ட பிறகே எலி புழங்கிய பகுதியைத் துப்புரவு செய்தனர். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்குவதும் சாதாரண வேக்குவம் கருவியால் உறிஞ்சுவதும் தவறான முறைகள். அப்படிச் செய்தால் தூசி கிளம்பி, ஹாண்டா வைரஸ் போன்ற கிருமிகள் மூச்சு வழியே உள்ளே போகும் வாய்ப்பு உண்டு. எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சலும் பரவும். அரை மணி நேரமாவது காற்றோட்டம் விட்டு, ஒன்பது பங்கு நீருக்கு ஒரு பங்கு பிளீச்சிங் திரவம் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு துணியால் அள்ளிப் பைக்குள் கட்டுவதே முறை. முகட்டின் கீழிருந்த வௌவால் எச்சத்தில் நுரையீரலைத் தாக்கும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சை வளரக்கூடும் என்பதால், அதை உரிய முகக்கவசம் அணிந்த ஆட்களிடம் விட்டுவிடுவது நல்லது. வௌவால்கள் போன பிறகுதான் அதைத் தொட்டார்கள். எலி கொறித்த மின்கம்பிகளை ஒரு மின்பணியாளர் முழுமையாகப் பார்த்தார். இரண்டு இடங்களில் செம்பு வெளியே தெரிந்தது. எலித் தொல்லை என்றால் தானியமும் துணியும் பாழாவதாகவே நினைக்கிறோம். பரணில் தீப்பிடிக்கும் வாய்ப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பருவம் கனிந்த பிறகு, முகட்டுக் கீற்றுகளின் மேல் விளிம்பிலும் இரு பக்கங்களிலும் மெல்லிய வலையைப் பொருத்தி, கீழ்ப்பக்கத்தைத் தளர்வாகத் தொங்கவிட்டனர். வெளியே வரும் வௌவால் வலைக்கும் கூரைக்கும் இடையே கீழ்நோக்கித் தவழ்ந்து பறந்துவிடும். திரும்பும்போது பழைய கீற்றின் எதிரிலேயே வந்து இறங்கி, வலை தடுப்பதால் உள்ளே போக வழி காணாது. வலையின் கண் 4 மில்லிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும்; இல்லையென்றால் விரல்கள் சிக்கிக்கொள்ளும். மழையிலும் குளிரிலும் வௌவால்கள் வெளியேறாமல் தங்கிவிடலாம் என்பதால், நல்ல வானிலை தொடர்ந்த ஒரு வாரம் வலையை அப்படியே விட்டனர். எந்தப் பக்கத்திலிருந்தும் எதுவும் வெளிவராத மாலை ஒன்றில், அன்று இரவே விளக்கு வைத்துக்கொண்டு கீற்றுகளை அடைத்தனர். இந்த வீட்டில் முகட்டை அடைக்கச் சரியான நேரம் அதுவே. வேலையாட்கள் இரவு வேலைக்குக் கூடுதல் கூலி கேட்டார்கள். முதல் முறை அடைத்ததற்கும் பிரித்ததற்கும் ஆன செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையன்று.

அதற்குப் பிறகு பரணில் சத்தமில்லை என்று வீட்டார் சொல்கின்றனர். எதிர்ப்புறம், கூரையிலிருந்து விலகி நிற்கும் ஒரு கம்பத்தில் மாட்டிய வௌவால் பெட்டியில் இதுவரை எதுவும் குடியேறவில்லை. அப்படிப் பெட்டிகள் பல காலம் காலியாகவே கிடப்பதும் உண்டு. ஒன்று மட்டும் இன்னும் தீராமல் இருக்கிறது. பக்கத்து நிலத்தின் மரத்திலிருந்து தெருக் கம்பத்தின் வழியே வீட்டுக்கு வரும் தொலைபேசிக் கம்பி, எலி நடந்து வரப் போதுமான பாலம். கம்பியை இடம் மாற்றும் அதிகாரம் வீட்டாரிடம் இல்லை. ஆகவே கம்பி சுவரில் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு மழமழப்பான தகடு அடித்து, அந்தத் தகட்டில் புதிய பிசுக்குக் கறை படிகிறதா என்று மழைக்கு முன்னும் பின்னும் ஏணி போட்டுப் பார்த்து வருகிறார்கள்.